பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைச்சல்?

அந்த அம்மா மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். இரண்டும் சொத்து வரி மதிப்பீட்டு நோட்டீஸ். ஒன்று அவருடையது. இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தது. கசங்கிவிடக் கூடாதென்று அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்தார்.

"அதிகம்னு சொல்ல வரல தம்பி. இந்த விலைக்கு என் வீடு போகும்னா போகட்டும். ரெண்டு வீடும் ஒரே ஆள் கட்டினது, ஒரே வருஷம், ஒரே பிளான். நடுவுல ஒரு காம்பவுண்டு சுவர்தான். பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைச்சல்? அதை மட்டும் சொல்லுங்க."

மேல்முறையீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கேள்வி அபூர்வம். வருகிறவர்களில் பெரும்பாலானோர் "என் வீட்டுக்கு இவ்வளவு மதிப்பே கிடையாது" என்றுதான் தொடங்குவார்கள். அதற்குப் பதில் சொல்வது எளிது. அந்தத் தெருவில் சமீபத்தில் விற்ற நாலு வீடுகளின் கணக்கை எடுத்து முன்னால் வைத்தால் பேச்சு ஒரு முடிவுக்கு வந்துவிடும். இந்த அம்மா கேட்டதோ எங்கள் தொழிலின் அடிமடியில் கை வைக்கிற கேள்வி.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டின் கட்டடப் பரப்பு 1,344 சதுர அடி. இவருடையது 1,512. வித்தியாசம் 168. தாளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்ததில் அந்த 168 எங்கிருந்து வந்ததென்று புரிந்துவிட்டது: 12-க்கு 14. கூடம். அந்த வீடுகளில் முன்கூடம் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும். மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி கீழே கூடத்தைப் பார்க்கலாம். மாடியில் அந்த இடத்தில் தரையே இல்லை. பக்கத்து வீட்டை அளந்தவர் அந்த வெற்றிடத்தைக் கழித்திருந்தார். இவர் வீட்டை அளந்தவர் வெளிச்சுவரை மட்டும் டேப்பு வைத்து அளந்துவிட்டு, கீழ்த்தளப் பரப்பையே மாடிக்கும் எழுதிவிட்டார். இல்லாத தரைக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பரப்பு.

ஸ்கெட்ச்சின் கீழே கையெழுத்து இருந்தது. என்னுடையது. அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் போட்டது.

வரிக்காகச் சொத்தை மதிப்பிடுவதற்கு என்று தொழில்முறைத் தரநிலைகள் இருக்கின்றன. அவை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்த 168 சதுர அடியிலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்காவில் தனி வீடுகளை அளப்பதற்கு அந்நாட்டுத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் ஏ.என்.எஸ்.ஐ. இசட் 765 என்றொரு தரநிலை உண்டு. 1996-இல் முதன்முதலாக வந்தது. படிக்க மிகச் சாதாரணமாக இருக்கும். வெளிச்சுவரின் வெளிப்புறத்தை அளக்கவேண்டும். கூரை உயரம் 7 அடியாவது இருக்கவேண்டும். சாய்கூரை அறை என்றால் 5 அடிக்குக் கீழே இறங்கும் பகுதியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. சேர்க்கும் பரப்பில் பாதியாவது 7 அடி உயரம் இருக்கவேண்டும். கீழ்த்தளத்தை நோக்கித் திறந்திருக்கும் வெற்றிடத்தைத் தளமாகக் கொள்ளக்கூடாது. இவற்றில் எதுவும் பெரிய ஞானம் கிடையாது. 5 அடிக்குப் பதில் நாலரை அடி என்று வைத்திருந்தாலும் உலகம் கவிழ்ந்திருக்காது. ஆனால் இரண்டு பேர் இரண்டு வீட்டுக்குப் போய் இரண்டு விதமாக அளந்தால், ஒரு காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு நியாயமும் இந்தப்பக்கம் ஒரு நியாயமும் ஆகிவிடுகிறது.

சோழர் கால நிலக் கல்வெட்டுகளில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். நிலத்தின் அளவைச் சொல்லும் இடத்தில் எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்: பதினாறு சாண் கோல், பன்னிரண்டு சாண் கோல் என்று. சில கோயில்களில் அந்த அளவுகோலின் நீளத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவன் தன் கோலைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தரநிலை என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும்.

*

வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வங்கிக் கடனுக்காக மதிப்பிடுகிறவர் ஒரு வீட்டைப் பார்க்கிறார். உள்ளே நுழைந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, பக்கத்தில் விற்ற மூன்று நான்கு வீடுகளோடு ஒப்பிட்டு, அந்த ஒரு வீட்டுக்கு ஒரு விலை சொல்கிறார். வரிக்காக மதிப்பிடுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. பத்தாயிரம், லட்சம் என்று இருக்கும் அத்தனை சொத்துகளுக்கும், ஒரே ஒரு குறிப்பிட்ட தேதியில் என்ன மதிப்பு என்று சொல்லவேண்டும். அதனால் தனித்தனி வீட்டைப் பார்க்காமல், விற்ற வீடுகளிலிருந்து ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டு விற்காத வீடுகளுக்கும் அதைப் பொருத்துகிறோம். திரள் மதிப்பீடு என்று இதைச் சொல்லலாம். மதிப்பைக் கண்டுபிடிக்கும் வழிகள் என்னவோ பழைய மூன்றுதான். ஒத்த சொத்துகளின் விற்பனை விலை; கட்டுமானச் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து மனையின் மதிப்பைக் கூட்டுவது; வாடகை வருமானத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. குடியிருப்புகளுக்கு முதலாவது, வாடகைக்கு விடும் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மூன்றாவது, யாரும் வாங்கி விற்காத சொத்துகளுக்கு இரண்டாவது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், இங்கே நீட்டத் தேவையில்லை.

நீட்டவேண்டியது இதை. வரியின் மொத்தத் தொகையை நாங்கள் தீர்மானிப்பதில்லை. பல இடங்களில் உள்ளாட்சி முதலில் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்தச் சுமையை யார் எவ்வளவு தூக்குவது என்பதைத்தான் எங்கள் எண்கள் முடிவு செய்கின்றன. எல்லா வீட்டையும் ஒரே மாதிரி இரண்டு மடங்காக மதிப்பிட்டுவிட்டால்கூட, வரி விகிதத்தைப் பாதியாக்கினால் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் ஒரு வீட்டை மட்டும் எட்டில் ஒரு பங்கு கூட்டி எழுதினால் அவர் அடுத்தவர் பங்கைச் சேர்த்துக் கட்டுகிறார். குறைத்து எழுதினால் அவர் பங்கை மற்றவர்கள் கட்டுகிறார்கள். எந்தப் பக்கம் பிசகினாலும் பணம் இன்னொருவர் மடியிலிருந்து போகிறது. அதனால்தான் அந்த அம்மாவின் கேள்வி சரியான கேள்வி.

*

எங்கள் தொழிலில் ஒரு நல்ல விஷயம், எங்கள் நியாயத்தை எண்ணால் அளந்து பார்க்கமுடியும். அதற்குப் பெயர் விகித ஆய்வு. நாங்கள் போட்ட மதிப்பை, வீடு உண்மையில் விற்ற விலையால் வகுப்பது. அவ்வளவுதான். 1934-இல் தொடங்கிய சர்வதேச மதிப்பீட்டு அலுவலர்கள் சங்கம், ஐ.ஏ.ஏ.ஓ. என்போம், இதற்கென்று ஒரு தரநிலையே வகுத்திருக்கிறது. 2013-இல் அவர்கள் வெளியிட்ட பதிப்பை வைத்துத்தான் நான் தொழில் கற்றேன் என்று சொல்லவேண்டும். பக்கங்களின் ஓரம் பிய்ந்துபோன ஒரு பிரதி இன்னமும் என்னிடம் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வீடுகள் 40, 50, 80, 100, 130 என்ற விலைகளுக்கு விற்றிருக்கின்றன. எங்கள் பதிவேட்டில் அவற்றின் மதிப்பு முறையே 42, 50, 76, 90, 104. வகுத்தால் விகிதங்கள் 1.05, 1.00, 0.95, 0.90, 0.80.

முதல் சோதனை, மட்டம். விகிதங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 0.95. இதுதான் இடைநிலை. தரநிலை 0.90-க்கும் 1.10-க்கும் இடையில் இருக்கச் சொல்கிறது. தேறிவிட்டோம்.

இரண்டாவது, சிதறல். ஒவ்வொரு விகிதமும் அந்த 0.95-லிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? 0.10, 0.05, 0, 0.05, 0.15. சராசரி 0.07. அதை 0.95-ஆல் வகுத்து நூற்றுக்கு இவ்வளவு என்று சொன்னால் 7.4. இதைச் சிதறல் கெழு, பேச்சுவழக்கில் சி.ஓ.டி. என்போம். பழையதும் புதியதுமாகக் கலந்து நிற்கும் குடியிருப்புகளுக்கு 5 முதல் 15 வரை இருக்கலாம். 7.4 என்றால் நல்ல வேலை. பல அலுவலகங்களில் இத்தோடு அறிக்கையை மூடிவிடுவார்கள்.

மூன்றாவது சோதனைதான் உள்ளே இருப்பதைக் காட்டும். ஐந்து விகிதங்களின் சாதாரணச் சராசரி 0.94. மொத்த மதிப்பை மொத்த விலையால் வகுத்தால், 362-ஐ 400-ஆல், 0.905. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.04. இதற்கு விலை சார்ந்த வேறுபாடு, சுருக்கமாகப் பி.ஆர்.டி. என்று பெயர். 0.98-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்கவேண்டும். தாண்டிவிட்டோம். தாண்டியதன் பொருளை விகிதங்களிலேயே பார்க்கலாம்: 40-க்கு விற்ற சின்ன வீட்டுக்காரர் 42-க்கு வரி கட்டுகிறார். 130-க்கு விற்ற பெரிய வீட்டுக்காரர் 104-க்குக் கட்டுகிறார். மட்டமும் சரி, சிதறலும் சரி. ஆனாலும் ஏழையின் வீட்டிலிருந்து எடுத்துப் பணக்காரர் வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

(ஐந்து வீட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது என்பது உண்மை. கணக்குப் புரிவதற்காக மட்டும் சொன்னேன். விற்பனை விலைகளிலேயே ஏற்ற இறக்கம் இருப்பதால் இந்த எண் தானாகவே கொஞ்சம் மேல்நோக்கிச் சாயும் குணமும் உடையது. 1-க்குக் கீழே 0.02 மட்டும், மேலே 0.03 என்று தரநிலை இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.)

இது ஏதோ ஓர் ஊரில் நடக்கும் தவறு இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பெர்ரி அமெரிக்கா முழுவதும் விற்ற வீடுகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். ஒரு வட்டாரத்தில் விலை குறைந்த பத்துச் சதவீத வீடுகள் மீது விழும் உண்மையான வரி விகிதம், விலை கூடிய பத்துச் சதவீத வீடுகள் மீது விழுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று அதில் வருகிறது. படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? நான் பார்த்தவரை காரணங்கள் சாதாரணமானவை. எங்கள் பதிவேட்டில் பரப்பு, அறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு இருக்கும். பெரிய வீட்டின் விலையைத் தூக்குவது பெரும்பாலும் பதிவேட்டில் இல்லாதது: உள்ளே போட்ட பளிங்கு, ஜன்னலில் தெரியும் காட்சி, தெருவின் அமைதி. சின்ன வீட்டின் விலையை இறக்குவதும் பதிவேட்டில் இல்லாததுதான்: ஒழுகும் கூரை, பின்பக்கச் சாக்கடை. சூத்திரம் இரண்டையும் நடுவை நோக்கி இழுத்துவிடுகிறது. அதோடு, மேல்முறையீடு செய்ய நேரமும் வக்கீலும் உள்ளவர்கள் பெரிய வீடுகளில்தான் அதிகம் இருக்கிறார்கள். நாங்கள் குறைத்துக்கொடுக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

*

இப்போது ஒரு பழைய கதை. நான் முதன்முதலில் வேலை பார்த்த அலுவலகம், பெயர் வேண்டாம். விகித ஆய்வு அறிக்கை அனுப்புவதற்கு மூன்று வாரம் இருந்தது. மேலதிகாரி விற்பனைப் பட்டியலை என் மேசையில் வைத்தார். பக்கத்திலேயே எங்கள் மதிப்புகள். "ரொம்ப தள்ளி நிக்கிறதை மட்டும் விலைக்குப் பக்கத்துல கொண்டு வந்துடுங்க" என்றார். குரலில் மறைப்பு ஏதும் இல்லை. கெட்ட மனிதரும் இல்லை. விற்ற விலைதானே உண்மையான மதிப்பு, தவறைத் திருத்துகிறோம் என்று அவர் மனதார நம்பினார். நானும் நம்பினேன். அன்று மாலைக்குள் பதினோரு வீடுகளின் மதிப்பைத் திருத்திவிட்டேன்.

பன்னிரண்டாவது வீட்டில் கை நின்றது. அது ஒரு வரிசை வீடு, ஆறு வீடுகளில் நான்காவது. அந்த ஒன்றுதான் விற்றிருந்தது. எங்கள் மதிப்பு 60, விற்றது 75. விற்றதைத் திருத்தி 75 ஆக்கினால் அந்த வரிசையில் புதிதாகக் குடிவந்தவர் மட்டும் 75-க்கு வரி கட்டுவார். அச்சில் வார்த்தது போல இருக்கும் மற்ற ஐந்து வீடுகளும் 60-இல் இருக்கும். அறிக்கையில் விற்ற வீடுகள் மட்டும்தானே வரும்? எங்கள் விகிதம் அழகாக 1.00 என்று காட்டும். உண்மையில் ஆறு வீட்டில் ஐந்து வீடு தவறு என்பதற்கு அந்த ஒரு விற்பனைதான் எங்களுக்குக் கிடைத்த சாட்சி. சாட்சியைத் திருத்திவிட்டு வழக்கு சரியாக இருக்கிறது என்று எழுதப் போகிறோம்.

விற்பனையைத் துரத்துவது என்று தொழிலில் இதற்குப் பெயர். தரநிலை இதைக் கடுமையாகக் கண்டிக்கிறது; கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லித் தருகிறது. விற்ற வீடுகளின் மதிப்பு கடந்த ஆண்டைவிடச் சராசரியாக எத்தனை சதவீதம் மாறியது, விற்காத வீடுகளின் மதிப்பு எத்தனை சதவீதம் மாறியது என்று ஒப்பிடுவது ஒரு வழி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். மதிப்புகளை முடிவு செய்து பூட்டிய பிறகு நடந்த விற்பனைகளை வைத்துச் சோதிப்பது இன்னொரு வழி. சிதறல் கெழு 5-க்கும் கீழே போனால் பாராட்டுவதற்கு முன் சந்தேகப்படு என்பதும் அங்கே இருக்கிறது. வீடு வாங்குவதும் விற்பதும் மனிதர்கள். அவசரம், ஆசை, பேரம் எல்லாம் அந்த விலையில் இருக்கும். எந்தச் சூத்திரமும் அவ்வளவு நெருக்கமாகப் பிடித்துவிடாது. பிடித்துவிட்டதென்றால் யாரோ விடைத்தாளைப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை பதினோரு வீடுகளையும் பழைய மதிப்புக்கே மாற்றினேன். மேலதிகாரியிடம் அந்த வரிசை வீடுகளின் படத்தை வைத்துக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். "அப்போ ஆறையும் மாத்தணும்" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு இந்த வருஷம் நேரம் இல்லையே." நேரம் இல்லைதான். அந்த ஆண்டு சிதறல் மோசமாக வந்தது, அப்படியே அனுப்பினோம். மேலேயிருந்து விளக்கம் கேட்டார்கள். கொடுத்தோம். அடுத்த ஆண்டு அந்தப் பகுதி முழுவதையும் மறுமதிப்பீடு செய்ய ஆள் கிடைத்தது, அந்த மோசமான எண்ணைக் காட்டித்தான் கிடைத்தது. அழகான எண்ணை அனுப்பியிருந்தால் எதை வைத்து ஆள் கேட்டிருப்போம்?

எந்த விற்பனையைக் கணக்கில் எடுப்பது என்பதும் இதே அளவு முக்கியம். அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்தது, கடன் நெருக்கடியில் வந்த விலைக்குத் தள்ளியது, கட்டில் பீரோவோடு சேர்த்து விற்றது எல்லாம் பத்திரத்தில் ஒரே மாதிரி எண்ணாகத்தான் தெரியும். வாங்கியவரிடம் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, கைமாறும் பணம் ஒன்று என்று பழகிவிட்ட இடங்களில் நான் மேலே போட்ட கணக்கு எல்லாமே மணல்மேல் கட்டியதாகிவிடும். அங்கே வாடகையையும் கட்டுமானச் செலவையும் நம்பிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

*

நன்றாகச் செய்த மதிப்பீடும் பழசானால் கெட்டுவிடும். இங்கிலாந்தில் உள்ளாட்சி வரிக்காக வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அடிப்படைத் தேதி 1991 ஏப்ரல் 1. அன்றைக்கு அவசரம், காரில் மெதுவாகப் போய்க்கொண்டே வெளியிலிருந்து பார்த்துப் பட்டை போட்டார்கள் என்பதால் 'இரண்டாம் கியர் மதிப்பீடு' என்ற பெயரே அதற்கு வந்தது. அங்கே அதன்பிறகு பொது மறுமதிப்பீடு நடக்கவே இல்லை. 2020-இல் கட்டிய வீட்டுக்கும், அது 1991-இல் நின்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கற்பனை செய்து பட்டை போடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் 2003-ஆம் ஆண்டு மதிப்புகளுக்கு மாறி, 2005-லிருந்து அதன்படி வசூலிக்கிறது.

ஜெர்மனி இன்னும் பழையதில் நின்றது. மேற்குப் பகுதியில் 1964-இன் மதிப்புகள், கிழக்குப் பகுதியில் 1935-இன் மதிப்புகள். இடையில் ஒரு தெரு ஏறியிருக்கும், ஒரு தெரு இறங்கியிருக்கும், பதிவேட்டில் இரண்டும் அப்படியே. 2018 ஏப்ரல் 10 அன்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் இது சமத்துவக் கொள்கைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. புதிய முறை 2025-இல் நடைமுறைக்கு வந்தது. வரி கூடுதல் என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரே மாதிரியானவர்களை வேறுவேறு மாதிரி நடத்துகிறீர்கள் என்றுதான் சொன்னது. பக்கத்து வீட்டுக்கு ஏன் குறைச்சல் என்ற அதே கேள்விதான்.

நெதர்லாந்தில் ஒவ்வோர் ஆண்டும் மறுமதிப்பீடு செய்கிறார்கள். மதிப்பிடும் உள்ளாட்சிகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு இருக்கிறது. 2016-லிருந்து எந்த வீட்டின் மதிப்பையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அங்கே அந்த அம்மா பக்கத்து வீட்டு நோட்டீஸை இரவல் வாங்கி வந்திருக்கவேண்டியதில்லை.

*

தரநிலைகளில் எண்களைப் பற்றிய பகுதியைவிட நடத்தையைப் பற்றிய பகுதியை நான் அதிகம் மதிக்கிறேன். அமெரிக்காவில் யுஸ்பாப் என்ற தொழில்முறை விதித்தொகுப்பு 1987-லிருந்து இருக்கிறது. அதில் ஐந்தாவது, ஆறாவது தரநிலைகள் இப்போது திரள் மதிப்பீட்டுக்கு உரியவை. அறிக்கையின் கடைசியில் மதிப்பீட்டாளர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடவேண்டும். இந்தச் சொத்துகளில் எனக்கு ஆதாயம் இருந்தால் இன்னதென்று சொல்லிவிட்டேன். எந்தச் சார்பும் இல்லை. முன்கூட்டியே முடிவு செய்த ஒரு மதிப்பைச் சொன்னால்தான் எனக்குக் கூலி என்ற ஏற்பாடு இல்லை. பணிக்கோப்பைக் குறைந்தது ஐந்தாண்டு பத்திரமாக வைத்திருக்கவேண்டும். வழக்கில் சாட்சி சொல்லியிருந்தால் அந்த வழக்கு முடிந்து இரண்டாண்டு வரையாவது. இரண்டில் எது நீண்டதோ அது.

கூலியைப் பற்றிய அந்த வரியை யாரும் அலங்காரமாக நினைக்கக்கூடாது. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, வணிகப் பகுதியைக் கொஞ்சம் பாருங்கள் என்று தொலைபேசி வரும். தேர்தல் வருகிறது, இந்த ஆண்டு குடியிருப்புகளை ஏற்றவேண்டாம் என்றும் வரும். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். வரி குறைவாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர் விகிதத்தைக் குறைக்கலாம், வசதியற்றவர்களுக்கு வெளிப்படையாகச் சலுகை கொடுக்கலாம். அதற்கெல்லாம் சபை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. மதிப்புக்குள் ஒளித்துவைத்த சலுகையை மட்டும் யாராலும் பார்க்கவும் முடியாது, கேட்கவும் முடியாது.

இப்போது கணினி மாதிரிகள் வந்துவிட்டன. நூற்றுக்கணக்கான விவரங்களை உள்ளே வாங்கி நொடியில் மதிப்புச் சொல்கின்றன, சிதறலும் குறைகிறது. நான் எதிரி அல்ல. ஆனால் ஒரு மாதிரி சொன்ன மதிப்பை, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு விளக்கமுடியாதவர் அதில் கையெழுத்திடக்கூடாது என்பது என் கருத்து. பரப்பு தவறு என்பதை என்னால் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் ஸ்கெட்ச் ஒரு தாளில் இருந்தது.

*

அன்று மதியமே டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மாடி ஏறி, கைப்பிடியின் ஓரமாக நின்று, கீழே கூடத்தைப் பார்த்தேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். 12 அடி. 14 அடி. "இங்கே தரை இல்லம்மா. இருக்கறதா நான்தான் எழுதிட்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் குறித்துக்கொள்வதை எட்டிப் பார்த்து, எண்களைத் தானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

ஒரு வீட்டோடு இதை விட்டிருக்கலாம். மேல்முறையீட்டுச் சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது. ஆனால் அதே பிளானில் அந்த மனைப்பிரிவில் மொத்தம் 64 வீடுகள் இருந்தன. எல்லா ஸ்கெட்ச்சையும் எடுத்துப் பார்க்க இரண்டு வாரம் ஆனது. ஒன்பதில் பிழை. ஆறு வீடுகளில் என்னைப் போலவே வெற்றிடத்தைத் தளமாக எழுதியிருந்தோம். மற்ற மூன்றில் நேர்மாறு: அந்த வீட்டுக்காரர்கள் பின்னாளில் வெற்றிடத்தின் குறுக்கே தளம் போட்டு அறையாக்கிக்கொண்டார்கள், பதிவேடு அதை அறியவில்லை. ஆறு வீட்டுக்கு மதிப்பு இறங்கியது. மூன்று வீட்டுக்கு ஏறியது.

திருத்திய நோட்டீஸை வாங்க வந்தபோது அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் கேட்டதாலதான் அவங்களுக்கு ஏறிச்சா தம்பி?"

கேட்காவிட்டாலும் ஏறியிருக்கவேண்டியதுதான், இத்தனை ஆண்டு அவர்கள் பங்கில் கொஞ்சத்தை நீங்கள் எல்லாரும் கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நோட்டீஸை மடிக்காமல், அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அந்த மூன்று வீட்டுக்கும் நோட்டீஸைத் தபாலில் அனுப்புவதுதான் வழக்கம். நானே எடுத்துக்கொண்டு போனேன். முதல் வீட்டில் ஓர் இளைஞர் கதவைத் திறந்தார். தாளை வாங்கி எண்ணைப் பார்த்துவிட்டு, "இது எப்படி?" என்றார். பையிலிருந்து டேப்பை எடுத்தேன். "மாடிக்குப் போலாமா தம்பி? ஒரு முனையை நீங்க பிடிங்க."